கதவைச் சாத்து, மது

அத்தியாயம் 6

பன்னீர் தெளிக்க வந்தவன் பாதியை முத்துலட்சுமியின் கண்ணில் தெளித்துவிட்டுப் போனான்.

"சவத்தெழவு," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வீரத்தைப் பார்த்து கண்ணு கலங்கிட்ச்சின்னு நெனச்சிக்குவாங்க. வுடுக்கா," என்றான் ஹனீஃபா. சிந்தாதிரிப்பேட்டைக்காரன். முத்துலட்சுமி போலீஸ் வேலையை உதறிவிட்டு மேற்கு மாம்பலத்தில் துப்பறியும் ஏஜென்சி திறந்த நாளிலிருந்து அவளுக்கு உதவியாள். வேலை கொஞ்சம், வாய் நிறைய.

தி.நகரில் அந்தக் கல்யாண மண்டபம் பிதுங்கி வழிந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஆளைவிட மூன்று மடங்கு உயரத்துக்கு ஒரு கட்-அவுட். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கையில் தொப்பி. 'நூற்றுப் பத்து உயிர் காத்த வான வீரன் சாய்சரண்' என்று கீழே சிவப்பு எழுத்து. அசல் சாய்சரண் மேடை நடுவே உட்கார்ந்து, கட்-அவுட்டில் இருந்த அதே சிரிப்பைக் கொஞ்சம்கூடக் குறைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வானம்பாடி ஏர்வேஸ் விமானம் ஒன்று பம்பாயிலிருந்து மெட்ராஸ் வந்துகொண்டிருந்தது. நடுவானில் கேப்டன் ஸ்ரீரங்கன் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிட்டார். துணை விமானி சாய்சரண் ஒற்றை ஆளாக மீனம்பாக்கத்தில் விமானத்தை இறக்கினான். அன்றிலிருந்து ஊரெல்லாம் அவனுக்கு மாலை. கேப்டனுக்குக் கிடைத்தது 'குடிகாரன்' என்ற பட்டம். நாளைக் காலை விசாரணை முடிகிறது. அந்தப் பட்டத்தைச் சர்க்கார் முத்திரை போட்டு உறுதி செய்துவிட்டால் அவர் ஆயுசுக்கும் விமானத்தைத் தொட முடியாது. தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது.

சாய்சரண் மைக்கைப் பிடித்தான். பம்பாயில் வளர்ந்தவனாம். தமிழ் இந்தியைப் பிடித்துக்கொண்டு நொண்டியடித்து வந்தது.

"கேப்டன் எனக்கு அப்பா மாஃபிக். குடி அவரை... க்யா... கெடுத்துடுச்சு. பட், நான் அவரை மன்னிச்சுட்டேன்."

மண்டபம் அதிரக் கைதட்டல். முன்வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைத்தாள்.

"மன்னிச்சிக்கினாராம். அதுக்குத் தனியா ஒரு சால்வ போடுவாங்க பாரேன்," என்றான் ஹனீஃபா.

போட்டார்கள்.

முத்துலட்சுமி கைதட்டவில்லை. விழுந்து கிடக்கிறவன் மேல் ஏறி நின்று, உயரமாகிவிட்டேன் என்று காட்டுகிறவனைப் போலீஸ் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் ஏறி நின்றுகொண்டே மன்னிக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறாள். கையில் திணித்த லட்டுப் பொட்டலத்தை அப்படியே ஹனீஃபாவிடம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம். தொண்டையில எறங்காது."

வெளியே வந்ததும் லாம்ப்ரெட்டாவை உதைத்துக்கொண்டே அவன் கேட்டான்: "காலைல கேப்டனோட வக்கீல் குடுத்த கேசட்ட ஏழு எட்டு தபா கேட்டியே, வேற எதுனா பிடிபட்ச்சா?"

"அதேதான் கேக்குது."

கேசட்டில் இருந்தது இவ்வளவுதான். கேப்டன் சரிவதற்குச் சற்றுமுன் அவர் விரல் ரேடியோ பொத்தானில் அழுந்தியிருக்கிறது. அவர் பக்கத்தில் இருந்தவனிடம் தமிழில் பேசியது மீனம்பாக்கத்தில் பதிவாகிவிட்டது. ஒரே கரகரப்பு. நடுவில், 'சாத்து... மது... கச...' அவ்வளவுதான். விசாரணை அதிகாரி டெல்லிக்காரர். தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்தவனையே கூப்பிட்டு, என்னப்பா சொன்னார் என்று கேட்டிருக்கிறார். 'கதவைச் சாத்து, மது வேணும்னு சொன்னார் சார். எனக்குத் தமிழ் சுமார்தான், காதுல விழுந்ததைச் சொல்றேன்' என்று சாய்சரண் சொல்ல, அது இங்கிலீஷில் ஏறி ரிப்போர்ட்டில் உட்கார்ந்துகொண்டது. ரத்தப் பரிசோதனை மறுநாள்தான் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. மறுநாள் எப்படி இருக்கும் என்று கம்பெனி கேட்டது. கம்பெனிக்கு விளம்பரத்துக்கு ஒரு வீரன் கிடைத்துவிட்டான். இனி கேப்டன் எக்கேடு கெட்டால் என்ன!

"மயிலாப்பூருக்கு விடு," என்றாள் முத்துலட்சுமி. "கேப்டன் வீட்டம்மாவை இன்னொரு தடவை பார்ப்போம்."

கபாலி கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. கேப்டன் வீட்டு ஜன்னல்கள் பட்டப்பகலில் மூடியிருந்தன. கதவைத் திறந்த சூடாமணி, கேப்டனின் மனைவி, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இவர்களை உள்ளே விட்டாள்.

"எதிர் வீட்டுப் பையன் 'குடிகார மாமா'ன்னு கத்திட்டு ஓடறான். அவனைப் பெத்தவா சிரிக்கறா," என்றாள். "இவர் ரூமை விட்டே வர்றதில்லை. ப்ளேன் ஏறினது ஞாபகம் இருக்காம். அப்புறம் எல்லாம் மழுங்கிடுத்தாம். நிஜமாவே நான் ஏதாவது பண்ணிட்டேனான்னு என்னையே கேக்கறார். ஒரு சொட்டு தொட்டதில்லை இவர்!"

"அன்னைக்கு என்ன சாப்பிட்டார்?"

"ரெண்டு பைலட்டும் ஒரே சாப்பாடு சாப்பிடக்கூடாதும்பா. கெட்டுப்போனதா இருந்தா ரெண்டு பேரும் விழுந்துடுவாளே. அதனால இவர் இங்கேர்ந்தே கொண்டுபோயிடுவார். கொஞ்சம் தயிர் சாதம், ஃப்ளாஸ்க்ல சூடா ரசம். திரும்பி வரச்சேதான் குடிப்பார்."

"எங்க வூட்டுலயும் அந்த ரூல் இருந்தா நான் டெய்லி பிரியாணி துன்னுக்கினு இருப்பேன்," என்றான் ஹனீஃபா. சூடாமணியின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பாக இருக்கும்.

"அந்த ஃப்ளாஸ்க் எங்கே?"

கொண்டுவந்தாள். பளபளவென்றிருந்தது. "இதை உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரிலேர்ந்து பையைக் குடுத்தப்போவே இது கழுவி வந்தது. இவர் குடிச்ச டம்ளரைக் கூட நகர்த்தி வைக்கத் தெரியாதவர். இத்தனை வருஷத்துல ஃப்ளாஸ்க் ஒரு நாள் கழுவி வந்ததில்லை. மயங்கி விழுந்த அன்னிக்கா கழுவுவார்?"

முத்துலட்சுமி ஃப்ளாஸ்க்கை முகர்ந்து பார்த்தாள். மூடியே கிடந்ததில், விமானத்துக் கை கழுவும் சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. நூற்றுப் பத்து உயிர் அந்தரத்தில் தொங்கும்போது எவனுக்கோ பாத்திரம் தேய்க்க நேரம் இருந்திருக்கிறது.

"சாய்சரணுக்கும் கேப்டனுக்கும் ஏதாவது தகராறா?"

"தகராறெல்லாம் இல்லை. அவனை கேப்டன் ஆக்கலாமான்னு இவர்தான் சொல்லணும். ரெண்டு தடவை 'இன்னும் நிதானம் போறாது'ன்னுட்டார். ஆனா பிரியமா இருப்பார் அவன்கிட்ட."

உள் அறையிலிருந்து இருமல் கேட்டது. சூடாமணி அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "ஏன்னா, சாத்தமுது கொஞ்சம் சுட வச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம்," என்றது ஒரு செத்த குரல்.

முத்துலட்சுமி நிமிர்ந்தாள். "இப்ப என்ன கேட்டீங்க?"

"ரசம் வேணுமான்னு கேட்டேன்."

"ரசம்னு சொல்லலையே நீங்க."

"ஓ, அதுவா? எங்காத்துல சாத்தமுதும்போம். ஐயங்கார் ஆத்து பாஷை. உங்களுக்குப் புரியாதேன்னு ரசம்னேன்."

"வெளியாள்கிட்ட ரசம், உங்க ஆளுங்ககிட்ட மட்டும் அந்த வார்த்தையா?"

"ஆமாம். பால்காரன்கிட்ட, பக்கத்து வீட்ல, ஆபீஸ்ல எல்லாம் ரசம்தான். எங்க மனுஷான்னா சாத்தமுது. யோசிச்செல்லாம் பேசறதில்லை, வாயே மாத்திக்கும்."

"கேப்டனும் அப்படித்தானா?"

"எல்லாரும் அப்படித்தான். ஏன் கேக்கறேள்?"

"நாளைக்குச் சொல்றேன்மா," என்று முத்துலட்சுமி எழுந்துவிட்டாள். செருப்பு மாட்டும்போது இடது கால் செருப்பு வலது காலுக்குப் போனது.

லாம்ப்ரெட்டா லஸ் முனையைத் தாண்டியது. பின்னாலிருந்து அவள் கேட்டாள்: "ஹனீஃபா, சாத்து மது, சாத்து மதுன்னு வேகமா சொல்லு."

"சாத்துமது, சாத்துமது, சாத்தமுது... அட நாஸ்தா துன்ன வாயே! ரசமா? கதவும் இல்ல, சரக்கும் இல்ல, மனுசன் ரசத்தப் பத்தி பேசிக்கினு கீறாரா?"

"பாதிதான் பிடிச்ச. மீதி?"

"இன்னா மீதி?"

"யார்கிட்ட பேசினார்?"

"பக்கத்துல கீற கட்-அவுட்டாண்ட."

"வெளியாளா இருந்தா ரசம்னுதானே வாயில வந்திருக்கும்?"

ஹனீஃபா பிரேக் போட்டான். பின்னால் வந்த ஆட்டோக்காரன் அவன் அப்பனையும் பாட்டனையும் சேர்த்து விசாரித்துவிட்டுப் போனான். ஹனீஃபா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அப்ப அவனும் அவுங்க ஆளு. தமிழ் சுமாரு, க்யா, மாஃபிக் எல்லாம்..."

"வேஷம். என்ன வார்த்தைன்னு தெரிஞ்சேதான் மதுன்னு சொல்லியிருக்கான்."

"திரும்பிப் போய் அந்தம்மாகிட்டயே கேசட்ட போட்டுக் காட்டலாமேக்கா?"

"புருஷனைக் காப்பாத்தப் பொண்டாட்டி சொல்றான்னு ஒரே வார்த்தைல தள்ளிடுவானுங்க. அவன் வீட்டு ஆள் ஒருத்தர் வாயிலேர்ந்து வரணும். அடையாறுக்கு விடு."

அடையாறு காந்தி நகரில் சாய்சரணின் மாடி ஃப்ளாட். கதவைத் திறந்தது அறுபது வயதுக்காரி ஒருத்தி. மடிப்புக் கலையாத புடவை, மூக்குத்தி, முகமெல்லாம் பெருமை.

"பெண்கள் பத்திரிகையிலேர்ந்து வர்றோம்," என்றாள் முத்துலட்சுமி. "வீரனைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. வீரனைப் பெத்தவங்களைப் பத்தி நாங்க எழுதணும்."

ஹனீஃபா ஃபிலிம் இல்லாத கேமராவால் அவளை ஒரு தடவை 'க்ளிக்' செய்தான்.

"என்னையா? நன்னாருக்கு போங்கோ!" என்று வெட்கப்பட்டாள் ஸ்ரீலக்ஷ்மி. "உக்காருங்கோ. இப்பத்தான் ஃபங்ஷன்லேர்ந்து வந்தான், குளிச்சிண்டிருக்கான். முதல்ல அவனுக்கு சாதம் போட்டுட்டு வந்துடறேன்." குளியலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "சாய், சாத்தமுது ஆறிண்டிருக்கு. சீக்கிரம் வா!"

"வந்துட்டேம்மா," என்றது உள்ளேயிருந்து குரல். 'க்யா' இல்லை. 'மாஃபிக்' இல்லை.

ஹனீஃபா கேமராவை லென்ஸ் மூடியோடு இன்னொரு தடவை க்ளிக்கினான்.

சோபா மேல் இன்றைய சால்வைகள் குவிந்து கிடந்தன. முத்துலட்சுமி டேப் ரிக்கார்டரை மேஜையில் வைத்தாள். "விஷயம் கேள்விப்பட்டதும் பதறியிருப்பீங்க."

"கேள்விப்படறதாவது? நானே அந்த ப்ளேன்லதானே இருந்தேன்!"

முத்துலட்சுமியின் கை பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"பம்பாய்ல பெண்ணாத்துக்குப் போயிருந்தேன். இவன்தான் இந்த ஃப்ளைட்லதான் வரணும்னு ஒத்தக்கால்ல நின்னான். ஏர்போர்ட்டுக்கு வந்து என் கைப்பையைக்கூட வாங்கிண்டு போய் சீட்ல வச்சான். அப்புறம் நடுவழில மைக்ல, 'கேப்டனுக்கு உடம்பு சரியில்லை, நான் இருக்கேன், பயப்படாதேங்கோ'ன்னு இவன் குரல். ஒரே அழுகை எல்லாரும். எனக்கு முன்னாடி ஒரு பொண் கைக்குழந்தையை மார்ல அணைச்சுண்டு நடுங்கறா. நான் மட்டும் பெருமாளே பெருமாளேன்னுண்டு, ஓட்டறது என் பிள்ளைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டே வந்தேன்."

"அப்புறம் நிம்மதியாத் தூங்கினீங்களா?"

"எங்கே? நான் தூக்க மாத்திரை போட்டுண்டாதான் தூங்குவேன். கைப்பைல முழு அட்டை வச்சிருந்தேன், ஆத்துக்கு வந்து பார்த்தா காணலை. பம்பாய்லயே விட்டுட்டேனாக்கும்."

ஹனீஃபா வாயைத் திறந்து, முத்துலட்சுமியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

முத்துலட்சுமிக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூசியது. இந்த அம்மாளின் வாயைக் கொண்டே இவள் பிள்ளையைப் பிடிக்க வேண்டும். சே, என்ன பிழைப்பு! ஆனால் மயிலாப்பூரில் மூடிய ஜன்னலுக்குப் பின்னால், நான் ஏதாவது பண்ணிட்டேனா என்று கேட்டுக்கொண்டிருக்கிற மனுஷன் இருக்கிறாரே.

"அம்மா, ஒரு உதவி. இதுல ஒருத்தர் என்ன சொல்றார்னு எங்களுக்குப் புரியல. கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

பொத்தானை அமுக்கினாள். கரகரப்பு. நடுவில் அந்தக் குரல். ஸ்ரீலக்ஷ்மி தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். முகம் மலர்ந்தது.

"இதுல என்ன புரியலை? 'சாத்தமுது கசக்கறதேடா'ங்கறார்."

"கதவைச் சாத்து, மதுன்னு கேக்கலையா?"

"மதுவா? நன்னாருக்கே! எங்காத்து வார்த்தை எனக்குத் தெரியாதா? சாத்தமுதுதான். பாவம், கசந்ததாமே. வெந்தயத்தை ஜாஸ்தி போட்டுட்டாளோ என்னமோ. யார் இது?"

"அம்மா! வாயை மூடிண்டு உள்ளே போ!"

குளியலறை வாசலில் சாய்சரண் நின்றான். தோளில் துண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அடேயப்பா," என்றாள் முத்துலட்சுமி. "தமிழ் தண்ணி பட்ட பாடா வருதே."

"யார் நீங்க? வெளியே போங்க!"

"கேப்டன் வீட்டம்மா அனுப்பின துப்பறியுற ஆளு நான். ஒரே கேள்வி. ஃப்ளாஸ்க்கை ஏன் கழுவின?"

"எந்த ஃப்ளாஸ்க்? அவர்தான் கழுவி..." என்று தொடங்கியவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"எந்த ஃப்ளாஸ்க்குன்னு கேட்டுட்டு, யார் கழுவினதுன்னும் நீயே சொல்றியே, நைனா," என்றான் ஹனீஃபா.

ஸ்ரீலக்ஷ்மி பிள்ளையைப் பார்த்தாள். டேப் ரிக்கார்டரைப் பார்த்தாள். அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக வந்தது.

"சாய், என் மாத்திரை எங்கேடா?"

சாய்சரண் துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தான்.

"என் பையைத் தூக்கிண்டு வந்தது நீதானே. எங்கே?"

"அம்மா, அது... கொஞ்சமாத்தான் போட்டேன். சித்த நேரம் தூங்கட்டும்னுதான்." சொல்லச் சொல்ல அவன் குரலில் பயம் போய் எரிச்சல் வந்தது. "ரெண்டு தடவை என்னை ஃபெயில் பண்ணினார்மா! நிதானம் இல்லையாம். நிதானம் இல்லாதவனா அன்னிக்கு இறக்கினான்? ஒருத்தருக்குக் கீறல் உண்டா? எல்லாரையும் பத்திரமா இறக்கினேனா இல்லையா?"

முத்துலட்சுமி எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறாள். வெட்டியவன்கூட விலங்கு மாட்டும்போது தலையைக் குனிவான். இவன் நிமிர்ந்து நின்று கணக்குக் கேட்கிறான். அவனே பள்ளத்தில் தள்ளிவிட்டு, அவனே கை கொடுத்துத் தூக்கி, அதற்குச் சால்வையும் வாங்கிக்கொண்டு, இப்போது நன்றி வேறு எதிர்பார்க்கிறான். த்தூ! அவளுக்கு வாய் முழுக்கக் கசந்தது.

"நான் உள்ளே இருந்தேனேடா," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"நீ இருக்கணும்னுதாம்மா!" அவன் கெஞ்சினான். "நீ பார்க்கணும்னுதானே அந்த ஃப்ளைட்லயே டிக்கெட் போட்டேன்."

குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஹனீஃபா கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

ஸ்ரீலக்ஷ்மி சோபாவிலிருந்த சால்வைகளை ஒவ்வொன்றாகத் தரையில் இழுத்துப் போட்டாள். அந்த இடத்தில் உட்கார்ந்தாள். மூக்கைச் சிந்திப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"அந்தக் கைக்குழந்தை," என்றாள் யாரிடமும் இல்லாமல். "அந்தப் பொண்ணுகிட்ட, ஓட்டறது என் பிள்ளை, பயப்படாதேன்னு சொன்னேனே நான்."

பிறகு முத்துலட்சுமியிடம் கேட்டாள்: "விசாரணை எத்தனை மணிக்கு?"

"காலைல பத்துக்கு."

"அம்மா, பைத்தியமா உனக்கு? என் லைஃபே போயிடும்!"

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "அங்கே இந்த கேசட்டைப் போடுங்கோ. அது எந்த வார்த்தை, யார் யார்கிட்ட பேசற வார்த்தைன்னு நான் எழுந்து சொல்றேன். மாத்திரை என்னுதுன்னும் சொல்றேன்."

"அம்மா..."

ஸ்ரீலக்ஷ்மி எழுந்தாள். கூடத்தைக் கடந்து தன் அறை வாசலுக்குப் போய் நின்று, கதவில் கை வைத்தபடி ஒரு தடவை மகனைப் பார்த்தாள். வாசலுக்கு வந்து நிற்கும் யாரோ ஒருவனைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"ரசம் அடுப்பு மேல இருக்கு," என்றாள். "வேணும்னா ஊத்திச் சாப்பிட்டுக்குங்க."